தோல் கரும்புள்ளிகள்

தோல் கரும்புள்ளிகள் என்பவை, தோலின் ஒரு பகுதி தன்னைச் சூழ்ந்துள்ள இயல்பான நிறத்தைக் காட்டிலும் கருத்துத் தோன்றும் திட்டுகள் ஆகும். முகம், கழுத்து, முதுகு, கைகால்கள் ஆகிய இடங்களில் இவை மிகுதியாகக் காணப்படுகின்றன. மெலனின் என்னும் கருநிறமி ஓரிடத்தில் அளவுக்கு மிஞ்சி உண்டாவதாலோ, உண்டான நிறமி தோலின் ஆழத்தில் தங்கிவிடுவதாலோ இவை ஏற்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிப்பவை அல்ல. ஆனால் இவற்றைப் போக்குவதற்காகக் கையாளப்படும் முறைகள் சில, புள்ளிகளைவிடப் பெரிய கேட்டை விளைவிக்கக்கூடியவை. புள்ளியை உண்டாக்கிய காரணத்தை நீக்கி, வெயில் படாமல் காத்து, தோலைப் புண்படுத்தாமல் விட்டால், மேற்தோலில் உள்ள புள்ளிகள் பல மாதங்களில் தாமாகவே மங்குகின்றன. இயற்கை முறை என்று சொல்லத்தக்கது முதன்மையாக இதுவே ஆகும்.

பெயரும் வேறுபாடும்

தமிழில் கரும்புள்ளி என்னும் சொல் பல பொருள்களில் வழங்குகிறது. மூக்கின் மேல் மயிர்த்துளைகளில் எண்ணெய்ப்பசை அடைத்துக் கருமுனையாகத் தெரிவதும் கரும்புள்ளி என்றே சொல்லப்படுகிறது. அது நிறமி சார்ந்த புள்ளி அன்று. பருவின் தொடக்க நிலை. மச்சம் என்பது நிறமி உயிரணுக்களே ஓரிடத்தில் கூடி வளர்ந்தது ஆகையால் அதுவும் வேறு. கன்னங்கள், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் பழுப்பு நிறமாகப் பரவும் படை மங்கு எனப்படுகிறது. தேமல் ஒரு வகைப் பூஞ்சைத் தொற்று. அது பெரும்பாலும் வெளிறியும் சிலருக்குக் கருத்தும் தோன்றும்.

ஒருவரின் பிறப்பு நிறம் கருமையாக இருப்பது கரும்புள்ளியோடு தொடர்புடையது அன்று. அது நோயும் அன்று. மங்கவைக்க வேண்டிய ஒன்றும் அன்று. விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதால், புள்ளிக்கு மருந்து தேடுவோர் நிறத்தை வெளுக்கும் களிம்புகளைப் போய்ச் சேர்வது வழக்கமாக நிகழ்கிறது.

தோல் கருக்கும் விதம்

மேற்தோலின் அடி அடுக்கில் நிறமி உயிரணுக்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு நிறமி உயிரணுவும் மரக்கிளைகள் போன்ற நீட்சிகளை விரித்து, தன்னைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 36 தோல் உயிரணுக்களுக்குச் சிறு பொதிகளாக மெலனினை வழங்குகிறது. தோல் உயிரணுவுக்குள் சென்ற நிறமி, அதன் உட்கருவின் மேல் ஒரு குடைபோல் கவிந்து நிற்கிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் மரபுப் பொருளைச் சிதைக்காமல் காப்பதே இந்தக் குடையின் பணி. கருத்த தோல் உடையவர்க்கும் வெளிறிய தோல் உடையவர்க்கும் நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. நிறமிப் பொதிகளின் அளவும், அவை பரவியிருக்கும் முறையுமே வேறுபடுகின்றன.

மெலனின் ஆக்கத்தின் முதற்படி, டைரோசின் என்னும் அமினோ அமிலம் டைரோசினேசு என்னும் நொதியத்தால் மாற்றப்படுவதாகும். இந்நொதியம் செப்பு அணுக்களைக் கொண்டது. வெட்டி வைத்த கத்தரிக்காய் கருப்பதற்குக் காரணமான நொதியமும் இதற்கு உறவுடையதே. கரும்புள்ளிகளைக் குறைக்கும் மருந்துகளில் பல இந்நொதியத்தைத் தடுப்பவை ஆகும்.

நிறமி உயிரணுக்களைத் தூண்டுவன வெயில், இயக்குநீர்கள், அழற்சி ஆகிய மூன்றும் ஆகும். பரு, கீறல், சுட்ட புண், கொசுக்கடி, ஒவ்வாமை என எதனால் தோல் சிவந்து வீங்கினாலும், அழற்சியின்போது சுரக்கும் வேதிப்பொருள்கள் நிறமி ஆக்கத்தைக் கூட்டுகின்றன. இயல்பிலேயே நிறமி மிகுந்த தோலில் இந்த எதிர்வினை வலுவாக இருக்கும். வெளிறிய தோலில் சிவப்புத் தடமாக நின்று மறையும் ஒரு பரு, தமிழர் உள்ளிட்ட தென்னாசியர், ஆப்பிரிக்கர் ஆகியோரின் தோலில் கருந்தடமாகப் பல மாதங்கள் நிற்பதற்குக் காரணம் இதுவே. கரும்புள்ளியைத் தேய்த்தும் சுரண்டியும் போக்க முயல்வது ஏன் பயனற்றது என்பதும் இதிலிருந்து விளங்கும். தேய்ப்பதே ஓர் அழற்சி. அது புதிய நிறமியை வரவழைக்கிறது.

புள்ளி மறையும் காலம், நிறமி எங்கே உள்ளது என்பதைப் பொறுத்தது. மேற்தோல் ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்களில் அடியிலிருந்து மேல்நோக்கிப் புதுப்பிக்கப்படுகிறது. ஆகையால் மேற்தோலில் உள்ள நிறமி, புதிய தூண்டுதல் இல்லாவிடில், உதிரும் உயிரணுக்களோடு சிறிது சிறிதாக வெளியேறும். இத்தகைய புள்ளிகள் பழுப்பு நிறமாகத் தோன்றும். மங்குவதற்குப் பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்கள் ஆகும். அழற்சி கடுமையாக இருந்தால் நிறமி உட்தோலுக்குள் இறங்கிவிடும். அங்கே விழுங்கு உயிரணுக்கள் அதனை உட்கொண்டு பல ஆண்டுகள் வைத்திருக்கும். இவ்வகைப் புள்ளிகள் சாம்பல் கலந்த நீல நிறமாகத் தெரியும். மேலே பூசப்படும் எந்தப் பொருளும் இவற்றைப் பெரிதாக மாற்றுவதில்லை. இரண்டு வாரங்களில் புள்ளி மறையும் என்று கூறும் எந்த விளம்பரமும் தோலின் இந்தக் கால அளவோடு பொருந்துவதில்லை.

வகைகளும் காரணங்களும்

அழற்சிக்குப் பின் தோன்றும் கருமையே மிகப் பரவலானது. இளையோரிடம் முகப்பருவும், சிறுவரிடம் கொசுக்கடியும் சொறியும், பெரியோரிடம் கரப்பான் போன்ற தோல் நோய்களும் இதற்கு முதன்மைக் காரணங்கள். மயிர் நீக்குவதற்காக மெழுகு இடுதல், சூடான எண்ணெய் தெறித்தல் ஆகியவற்றாலும் இது வரும். சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின் மூக்கின் மேல் கருமை படர்வதும் உண்டு. 2006 ஆம் ஆண்டு இந்தியாவில் அக்காய்ச்சல் பெருமளவில் பரவியபோது பலர் இந்தக் கருமையோடு மருத்துவர்களை நாடினர். அது பல மாதங்களில் தானே மங்கக்கூடியது.

மங்கு பெரும்பாலும் பெண்களுக்கு, 20 வயதுக்கு மேல் தோன்றுகிறது. கருவுற்றிருத்தல், கருத்தடை மாத்திரைகள், குடும்ப வழி, வெயில் ஆகியவை இதற்குக் காரணங்களாகும். ஆண்களுக்கும், குறிப்பாக வெயிலில் பணியாற்றுவோருக்கு, இது வருகிறது. கருவுற்ற காலத்தில் தோன்றிய மங்கு பலருக்கு மகப்பேற்றுக்குப் பின் சில மாதங்களில் குறைந்துவிடும். மற்ற வகை மங்கு மருத்துவத்தால் குறைந்தாலும் வெயில் பட்டால் மீண்டும் வரும் தன்மை உடையது. ஆகையால் மங்கைப் பொறுத்தவரை முற்றிலும் குணமாதல் என்பதைவிடக் கட்டுக்குள் வைத்திருத்தல் என்பதே சரியான சொல்.

உராய்வால் வரும் கருமை தென்னாசிய நாடுகளில் கவனிக்கத்தக்கது. நைலான் நார், பீர்க்கங்காய்க் கூடு, சொரசொரப்பான துணி ஆகியவற்றால் நாள்தோறும் அழுத்தித் தேய்த்துக் குளிப்போருக்கு, எலும்பு புடைத்துள்ள தோள்பட்டை, காறை எலும்பு, முதுகு, முழங்கை ஆகிய இடங்களில் கருமை தோன்றுகிறது. அழுக்கு என்று கருதி மேலும் தேய்ப்பதால் அது மிகுகிறது. தேய்ப்பதை நிறுத்துவதே இதற்கு மருத்துவம்.

பூச்சுப் பொருள்களின் ஒவ்வாமையாலும் கருமை வரும். முதல் உலகப் போர்க் காலத்தில், 1917 இல், வியன்னாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ரீல் என்பவர் முகத்தில் பரவும் ஒரு வகைக் கருமையை விவரித்தார். பின்னாளில் இவ்வகைக் கருமை நறுமணப் பொருள்கள், சாயங்கள் ஆகியவற்றின் ஒவ்வாமையோடு தொடர்புபடுத்தப்பட்டது. இந்தியாவில் சாயம் கலந்த குங்குமம், தலைமயிர்ச் சாயம், நறுமண எண்ணெய்கள் ஆகியவற்றால் இத்தகைய கருமை உண்டாவது பதிவாகியுள்ளது. மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டு செய்யப்படும் பழைய முறைக் குங்குமத்துக்கும், செயற்கைச் சாயம் கலந்து கடைகளில் விற்கப்படும் குங்குமத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கருத வேண்டும். நெற்றியில் பொட்டு இடும் இடம் மட்டும் கருத்தால் காரணம் பெரும்பாலும் பொட்டிலேயே இருக்கும்.

சில வேளைகளில் தோலின் கருமை உடலுக்குள் நிகழும் மாற்றத்தின் அடையாளமாக அமைகிறது. கழுத்தின் பின்புறமும் அக்குளும் தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் கருத்துக் காணப்படுவது, உடல் இன்சுலினுக்கு உரியவாறு செயற்படாத நிலையைக் குறிக்கக்கூடும். உடற்பருமன் உள்ள சிறுவரிடமும் இது காணப்படுகிறது. இதனை அழுக்கு எனக் கடிந்து, பிள்ளைகளின் கழுத்தைத் தேய்த்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தேவைப்படுவது நார் அன்று, இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை. எடை குறையும்போது இக்கருமையும் குறைகிறது. உயிர்ச்சத்து பி12 குறைபாட்டால் விரல் கணுக்களும் கைகால்களின் மேற்புறமும் கருப்பதை வேலூரில் பணியாற்றிய மருத்துவர்கள் 1963 இல் விவரித்தனர். அச்சத்தைக் கொடுத்ததும் கருமை மறைந்தது. பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றை மிகக் குறைவாக உண்போர் இதனைக் கருத்திற் கொள்ளலாம். தொழுநோய்க்குக் கொடுக்கப்படும் குளோபசிமின் உள்ளிட்ட சில மருந்துகளும் தோலைக் கருக்கச் செய்கின்றன. மருந்து நின்றபின் அந்நிறம் மெல்ல மறையும் என்பதால், கருமைக்கு அஞ்சி மருந்தை இடையில் நிறுத்துதல் கூடாது.

தடுத்தல்

கரும்புள்ளி வராமல் காப்பதிலும், வந்தது மங்குவதிலும் வெயிலைத் தடுப்பதே முதலிடம் பெறுகிறது. வெயில் தொடர்ந்து படும்வரை, எந்த மருந்தும் ஒரு பக்கம் இறைத்து மறுபக்கம் நிரப்புவது போன்றதே.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் நண்பகல் வெயிலின் புற ஊதாச் சுட்டெண் ஆண்டின் பெரும்பகுதியில் மிக உயர்ந்தே காணப்படுகிறது. முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை உள்ள வெயிலைத் தவிர்த்தல் நன்று. தவிர்க்க இயலாதோர் குடை, அகன்ற விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, முகத்தை மறைக்கும் துப்பட்டா ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி, மெல்லிய வெள்ளைத் துணியைவிட மிகுதியாகக் கதிர்களைத் தடுக்கிறது. வியர்வையில் நனைந்த வெள்ளைப் பருத்தித் துணியின் காப்பு மேலும் குறையும்.

புற ஊதாக் கதிர்களில், தோலைச் சுட்டுச் சிவக்கச் செய்யும் பி வகைக் கதிரைச் சாதாரணச் சன்னல் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடுகிறது. தோலைக் கருக்கச் செய்யும் ஏ வகைக் கதிர் கண்ணாடியையும் மேகத்தையும் ஊடுருவும். ஆகவே, பேருந்துச் சன்னலோரத்தில் நாள்தோறும் பயணம் செய்வோரும் வாகன ஓட்டிகளும் வெயிலில் நடப்போரைப் போலவே காப்பு தேடவேண்டியவர்கள்.

வெயில் தடுப்புக் களிம்புகளின் மேல் எழுதப்படும் எஸ்.பி.எப். என்னும் எண் பி வகைக் கதிரைத் தடுக்கும் திறனை மட்டுமே குறிக்கும். ஏ வகைக் கதிரைத் தடுக்கும் திறன், சப்பானில் 1996 இல் வகுக்கப்பட்ட பி.ஏ. என்னும் குறியாலும் அதன் பக்கத்தில் இடப்படும் கூட்டற்குறிகளாலும் காட்டப்படுகிறது. எஸ்.பி.எப். எண் 30 அல்லது அதற்கு மேலாகவும், கூட்டற்குறிகள் மூன்றோ நான்கோ உள்ளதாகவும் தேர்ந்தெடுப்பது பொருத்தம். இந்த எண்கள், ஒரு சதுர சென்ரிமீற்றர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்னும் அளவில் பூசிச் சோதிக்கப்பட்டவை. நடைமுறையில் மக்கள் பூசுவது இதில் பாதியும் இருப்பதில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய இரண்டின் நீளத்துக்குக் களிம்பு எடுப்பது ஓர் எளிய அளவாகும். வெயிலில் இருப்போர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

அண்மைக் காலத்தில் அறியப்பட்ட மற்றொரு செய்தி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருத்த தோலில் நிறமியைத் தூண்டுகிறது என்பதாகும். 2010 இல் வெளியான ஆய்வொன்று இதனைக் காட்டியது. இவ்வொளியின் ஊதா, நீலப் பகுதியே இவ்விளைவை மிகுதியாக உடையது. நிறமற்ற வெயில் தடுப்புக் களிம்புகள் இவ்வொளியைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்து, தோலின் நிறத்துக்கு ஒத்த சாயலுடன் விற்கப்படும் களிம்புகளே இதனைத் தடுக்கின்றன. மங்கு உடையோருக்கு இவை கூடுதல் பயன் தருவதாக அறியப்பட்டுள்ளது.

வெயிலுக்கு அடுத்தபடியாக, தோலைக் காயப்படுத்தாமல் இருத்தல் வேண்டும். பருவைக் கிள்ளுவதும் பிதுக்குவதும் அழற்சியை ஆழத்துக்குத் தள்ளுகின்றன. பருவுக்குத் தொடக்கத்திலேயே உரிய மருத்துவம் செய்வது, பின்னர் கரும்புள்ளிக்குச் செய்யும் மருத்துவத்தைவிட எளிதும் மலிவும் ஆகும். குழந்தைகளுக்குக் கொசுவலை, நீண்ட கால்சட்டை, வெட்டிய நகம் ஆகிய மூன்றும் கால்களில் விழும் கருந்தடங்களைப் பெரிதும் குறைக்கின்றன.

வீட்டு முறைகள்

கரும்புள்ளிக்கென வழங்கும் வீட்டு முறைகளை ஒரே தட்டில் வைத்து ஏற்பதோ தள்ளுவதோ சரியன்று. சில தீங்கற்றவை, சில ஓரளவு பயனுடையவை, சில புள்ளியைக் கூட்டுபவை.

எலுமிச்சைச் சாறு இவற்றுள் மிகப் பரவலானது. மிகத் தவறானதும் அதுவே. வெட்டிய கத்தரிக்காயின் கருப்பை எலுமிச்சைச் சாறு தடுக்கும் என்பது உண்மை. தோல் கத்தரிக்காய் போன்று திறந்து கிடப்பது அன்று. சாற்றின் பி.எச். அளவு 2 முதல் 3 வரை. தோலின் இயல்பான அளவு ஏறத்தாழ 5. இந்த வேறுபாடே எரிச்சலை உண்டாக்கப் போதுமானது. அதைவிடப் பெரிய இடர் வேறொன்று. எலுமிச்சை இனப் பழங்களில், சிறப்பாகத் தோலில், புரோகூமரின் வகைச் சேர்மங்கள் உள்ளன. இவை பட்ட தோலில் ஏ வகைப் புற ஊதாக் கதிர் விழுந்தால், ஓரிரு நாளில் சிவந்து கொப்புளம் எழும்; பின்னர் அவ்விடம் அடர்ந்து கருத்துப் பல வாரங்கள் அல்லது மாதங்கள் நிற்கும். தாவர ஒளி அழற்சி எனப்படும் இந்நிலை, மேலைநாடுகளில் கடற்கரை வெயிலில் எலுமிச்சை பிழிந்து பானம் கலப்போரின் கைகளில் அடிக்கடி காணப்படுகிறது. தமிழர் சமையலறையில் உள்ள சிறு மஞ்சள் எலுமிச்சை, இச்சேர்மங்கள் மிகுந்த வகையைச் சேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. சாறு வழிந்த கோட்டின் வடிவிலேயே கருமை அமைவதைக் கொண்டு மருத்துவர்கள் இதனை அடையாளம் காண்கின்றனர்.

கார்போகரிசியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. குளியற்பொடிகளிலும் நலங்கு மாவிலும் இது பரவலாகச் சேர்க்கப்படுகிறது. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் இதன் விதை வெண்படைக்கு, அதாவது வெளுத்த தோலில் நிறம் வரவழைப்பதற்குப் பயன்படுவது. அதில் உள்ள சோராலென் என்னும் பொருள் மேற்சொன்ன புரோகூமரின் வகையைச் சேர்ந்தது. வெயிலோடு கூடித் தோலைக் கருக்கச் செய்வதே அதன் இயல்பு. உடனே கழுவிவிடப்படும் பொடியில் விளைவு சிறிதாக இருக்கலாம். எனினும், மங்கு உடைய ஒருவர் அந்தப் பொடியைக் குழைத்து முகத்தில் அப்பி, காயவிட்டு, பின் வெயிலில் செல்வது நோக்கத்துக்கு நேர்மாறானது.

மஞ்சளில் உள்ள குர்குமின் அழற்சியைத் தணிக்கும் தன்மை உடையது. அது புள்ளியை மங்கவைக்கும் என்பதற்குப் போதிய மனித ஆய்வுகள் இல்லை. சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாகலாம். நிறத்தைக் கூட்டுவதற்காக ஈயக் குரோமேட்டு கலக்கப்பட்ட மஞ்சள் தூள் தெற்காசியச் சந்தைகளில் கண்டறியப்பட்டுள்ளதால், கிழங்கை வாங்கி அரைப்பது பாதுகாப்பானது. கற்றாழைச் சோறு தோலைக் குளிர்வித்து ஈரம் காக்கிறது. அதிலுள்ள அலோசின் என்னும் பொருள் டைரோசினேசைத் தடுப்பது ஆய்வகத்தில் காணப்பட்டுள்ளது; செடியிலிருந்து நேரே எடுக்கும் சோற்றில் அதன் அளவு சீராக இருப்பதில்லை. இலையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் எரிச்சல் தரும். அதை வடியவிட்டுக் கழுவிய பின்னரே சோற்றை எடுக்க வேண்டும். அதிமதுரம் இவ்வரிசையில் ஓரளவு சான்று உடையது. அதன் வேரில் உள்ள கிளாபிரிடின் டைரோசினேசைத் தடுக்கிறது. லிக்குவிரிட்டின் கலந்த களிம்பு மங்கில் பயன் தந்ததாகச் சிறு ஆய்வு உள்ளது. அதிமதுரத் தூளை நீரில் குழைத்துப் பூசுவதால் அதே பயன் கிட்டும் என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது.

பாசிப்பயற்று மாவும் கடலை மாவும் நிறமியை நீக்குவதில்லை. ஆனால் காரம் மிகுந்த சவர்க்காரத்துக்கு மாற்றாக மென்மையாகப் பயன்படுத்தினால் தோல் வறளாமல் இருக்கும். தயிர், தேன், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றின் பயன் நிறுவப்படவில்லை. பெரும்பாலோருக்குத் தீங்கும் இல்லை. பூண்டு, சமையல் சோடா, பற்பசை, பச்சைப் பப்பாளிப் பால் ஆகியவற்றை முகத்தில் இடுதல் கூடாது. பூண்டை அரைத்துக் கட்டியதால் தோல் வெந்து புண்ணான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

எந்தப் பொருளாயினும் முகத்தில் இடுமுன், முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி ஒரு வாரம் வரை நாள்தோறும் பார்ப்பது நன்று. எரிச்சல், அரிப்பு, சிவப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அதனை விட்டுவிட வேண்டும். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்னும் எண்ணம் கரும்புள்ளியைப் பொறுத்தவரை முற்றிலும் தவறு.

இயற்கையிலிருந்து கிடைத்த மருந்துகள்

தோல் மருத்துவத்தில் இன்று பயன்படும் மருந்துகள் சில இயற்கைப் பொருள்களை உற்றுநோக்கியதன் வழியாகக் கிடைத்தவை. தேமல் உண்டாக்கும் பூஞ்சை படர்ந்த இடம் ஏன் வெளிறுகிறது என்று ஆராய்ந்தபோது, அப்பூஞ்சை ஆக்கும் அசெலாயிக் அமிலம் டைரோசினேசைத் தடுப்பது தெரியவந்தது. கோதுமை, வாற்கோதுமை போன்ற தானியங்களிலும் உள்ள இவ்வமிலம், 20 விழுக்காட்டுக் களிம்பாக மங்குக்கும் பருவுக்கும் கொடுக்கப்படுகிறது. கருவுற்ற பெண்களுக்கும் பொதுவாக ஏற்றதாகக் கருதப்படும் சில மருந்துகளுள் இது ஒன்று. அரிசியைப் புளிக்கவைக்கும் சப்பானியப் பூஞ்சையிலிருந்து கோசிக் அமிலம் பெறப்பட்டது.

உயிர்ச்சத்து பி3 இன் ஒரு வடிவமான நியாசினமைடு, நிறமி ஆக்கத்தைத் தடுக்காமல், ஆக்கப்பட்ட நிறமிப் பொதிகள் தோல் உயிரணுக்களுக்குச் செல்வதைக் குறைக்கிறது. எரிச்சல் குறைவு என்பதால் தொடக்கத்தில் பயன்படுத்த ஏற்றது. உயிர்ச்சத்து சி கலந்த நீர்மங்களும் பயன்படுகின்றன. அவை காற்றும் ஒளியும் பட்டால் பழுப்பாகிச் சிதைந்துவிடும். இவற்றுள் எதுவாயினும் பயன் தெரிய 2 முதல் 3 மாதங்கள் ஆகும்.

தீங்கு விளைவிக்கும் களிம்புகள்

1939 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில், தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் ரப்பர் கையுறை அணிந்து பணியாற்றியவர்களின் கைகளில் வெண்திட்டுகள் தோன்றின. கையுறையில் கலந்திருந்த ஐதரோகுயினோன் வகைச் சேர்மமே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அவ்வகையைச் சேர்ந்த ஐதரோகுயினோன் பின்னர் கரும்புள்ளிக்கு மருந்தாயிற்று. மருத்துவர் கண்காணிப்பில் சில மாதங்கள் பயன்படுத்தினால் இது பயனுடையது. ஆண்டுக்கணக்கில் பூசினால் தோல் நீலங்கலந்த கருமையாக மாறி, எளிதில் மறையாத நிலையை அடையும். தென்னாப்பிரிக்காவில் இந்நிலை 1975 இல் விவரிக்கப்பட்டது. வெளுக்கப் பூசியோர் மேலும் கருத்து, அதற்காக மேலும் பூசினர்.

இந்தியாவில் இன்று பெரிதும் அஞ்சத்தக்கது இயக்க ஊக்கி வகைக் களிம்புகள் ஆகும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபீட்டசால், புளூவோசினோலோன் என்பன அவற்றுள் சில. கரப்பான் போன்ற நோய்களுக்கு இவை அரிய மருந்துகள். முகத்துக்குப் பூசினால் முதற் சில வாரங்களில் தோல் வெளுத்துப் பளபளப்பதால் மக்கள் மயங்குகின்றனர். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, குருதி நுண்குழாய்கள் தெரிந்து, பருவும் மயிரும் முளைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரிவதால் மீண்டும் பூச வேண்டியவராகிறார். 2018 மார்ச்சில் இந்திய அரசு இவ்வகைப் பூச்சு மருந்துகள் 14 ஐ, மருத்துவச் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. எனினும் தோழியோ அழகு நிலையமோ சொன்னதைக் கேட்டு இவற்றை வாங்கும் வழக்கம் நின்றபாடில்லை. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிவருவோர் திடீரென நிறுத்தாமல், தோல் மருத்துவரின் வழிகாட்டலோடு குறைக்க வேண்டும்.

பாதரசம் கலந்த களிம்புகள் தோலோடு நிற்பதில்லை. உடலுக்குள் ஊடுருவிச் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்கும் களிம்பு பூசியவர்கள் எனத் தெரியவந்தது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளைத் தடை செய்கிறது. தயாரிப்பாளர் பெயரோ உட்பொருள் பட்டியலோ இல்லாத, அயல்நாட்டுச் சரக்கு எனச் சொல்லி விற்கப்படும் வெளுப்புக் களிம்புகளை வாங்காதிருத்தலே தற்காப்பு.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

ஆறு மாதங்கள் வெயில் காத்தும் குறையாத புள்ளி, விரைவாகப் பரவும் கருமை, கழுத்திலும் அக்குளிலும் தோன்றும் தடித்த கருமை, உள்ளங்கைக் கோடுகளும் வாயின் உட்புறமும் கருத்து உடல் மெலிதல் ஆகியவை மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியவை. இறுதியாகச் சொன்னது அண்ணீரகச் சுரப்பியின் குறைபாடாக இருக்கலாம்.

நிறமி உயிரணுக்களில் எழும் மெலனோமா என்னும் புற்றுநோய் கருத்த தோலில் அரிது. ஆனால் வரும்போது வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே மிகுதியாக வருகிறது. யமேக்க இசைக்கலைஞர் பாப் மார்லி, கால்விரல் நகத்தடியில் தோன்றிய இந்நோயால் 1981 இல் தமது 36 ஆம் வயதில் இறந்தார். ஒரு புள்ளி சமச்சீர் இன்றி வளர்தல், அதன் விளிம்பு ஒழுங்கற்றிருத்தல், பல நிறங்கள் கலந்திருத்தல், 6 மில்லிமீற்றரைக் கடந்து பெருத்தல், குருதி கசிதல், நகத்தில் கருங்கோடு அகன்று கொண்டே போதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் எந்தப் பூச்சையும் முயலாமல் உடனே தோல் மருத்துவரை அணுக வேண்டும்.